சாமித்தம்பிக்குக் கொள்ளி

வயல்காரர் சாமித்தம்பியின் வைக்கோல் போர் எரிந்த அன்றே கேதீஸ்வரிக்கு விளங்கிவிட்டது. கரடியனாற்று வயல் வட்டையில் எல்லோரும் வாளியோடு ஓட, அவளுடைய புருசன் திவாகரன் மட்டும் வாய்க்கால் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கலியாணத்தன்றுகூட அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவள் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

“ஒருத்தரோடயும் கோவமில்ல புள்ள. நெஞ்சுக்குள்ள என்னவோ முறுகிக்கொண்டே கிடக்கும். நெருப்பு எரியக்குள்ளதான் இறங்கும். சின்னனிலருந்தே இப்பிடித்தான்.”

“டொக்டரிட்டப் போவம்.”

“விசரன் எண்டு ஊர் சொல்லும். இனி நெருப்பு வைக்கமாட்டன்.”

அவள் நம்பினாள் என்று சொல்ல முடியாது. நம்ப விரும்பினாள். வீட்டுத் தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தாள்.

அடுத்த அறுவடைக்குப் பிறகு, ஒரு மத்தியானம், வட்டைக் காவல் குடிசை எரிந்தது. உள்ளே சாமித்தம்பி அயர்ந்து கிடந்தார். நெருப்புக்குள் பாய்ந்து அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் திவாகரன்தான். கையெல்லாம் வெந்துபோனது. ஊர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

“ஆளில்லாத குடிசையெண்டுதான் நினைச்சன்,” என்று அவளிடம் மட்டும் சொல்லி அழுதான்.

சாமித்தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார்.

பிரேதம் எடுக்கும் நேரம், அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை கொள்ளிச்சட்டியோடு திவாகரன் முன்னால் வந்து நின்றாள். “எனக்குப் புள்ளகுட்டி இல்ல. அவரத் தூக்கிக்கொண்டு வந்தவன் நீ. நீயே கொள்ளி வை மகன்.”

கட்டுப்போட்ட கைகளை நீட்டினான். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் சட்டிக்குள் தணலைப் பார்த்ததும் அவன் முகம் மெல்ல இளகுவதைக் கேதீஸ்வரி கண்டாள். அவளால் பொறுக்க முடியவில்லை.

“மாமி, அதை இவருக்கிட்டக் குடுக்காதீங்க. குடிசைக்கு நெருப்பு வச்சது இவர்தான். வைக்கலுக்கும் இவர்தான்.”

பறை நின்றது. திவாகரன் மறுக்கவில்லை, மண்ணில் குந்திவிட்டான். ஆண்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். பொலிஸ் வந்துதான் பிரித்தெடுத்தது.

சீதேவிப்பிள்ளை அவனைப் பார்க்கவேயில்லை. “உனக்கு முன்னமே தெரியுமா புள்ள?” என்று கேதீஸ்வரியைத்தான் கேட்டாள்.

“ஓம் மாமி.”

கோர்ட் அவனை மனநல வைத்தியரிடம் அனுப்பியது. இது ஒரு வருத்தம், மனநோய், கனகாலம் மருந்தும் பேச்சும் வேண்டும் என்றார் வைத்தியர். அவனை அடைத்துவைத்திருந்த மறியலுக்குக் கேதீஸ்வரி சோற்றுப் பார்சலோடு பார்க்கப் போனாள்.

“மருந்துக் குளிசை போடுறீங்களா?”

“ஓம்.” கம்பியைப் பிடித்துக்கொண்டான். “குடிசைக்குள்ள அவர் கத்தினது கேட்ட உடனே நான் ஓடல்ல புள்ள. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிண்டன்.”

பார்சலைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, அவள் வெளியே வந்தாள்.