நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது

எந்திரம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கிவிட்டது என்று கேட்டதும் சோதனைப் பிரிவில் எல்லோரும் கை தட்டினார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, போன மாதத்துத் தாளை இழுத்துப் பார்த்தாள். அறுபத்தெட்டு. மக்குப் பிள்ளை கணக்கில் பாஸ் ஆனாலே யாரைப் பார்த்து எழுதினான் என்று கேட்கிற உலகம் இது. அறுபத்தெட்டிலிருந்து ஒரே தாவலில் மலையுச்சிக்குப் போனால் கேட்க மாட்டார்களா? கேட்கவில்லை. லட்டர்பேடில் வாழ்த்துக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அங்கே பூதக்கண்ணாடி என்று பெயர். குடியிருப்பிலும் அதே பெயர்தான். இரண்டு இடத்துக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டு சூட்டியதல்ல. எந்த வீட்டு வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது, அதில் எது நேற்று இல்லாதது என்பதெல்லாம் மாடி ஏறும்போதே அவள் கண்ணில் விழுந்துவிடும். "அடுத்தவங்க விஷயம் நமக்கு எதுக்கு" என்று தொடங்கித்தான் அடுத்தவர் விஷயத்தைச் சொல்வாள். இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கும் இடம் உலகத்தில் ஒன்றாவது இருந்ததே, அது அவள் அதிர்ஷ்டம்.

வேலை இதுதான். போர் விமானத்தின் வயிற்றில் ஒரு கேமரா. அது கீழே தெரிவதைப் படம் பிடிக்க, எந்திரம் அந்தப் படத்தைப் பார்த்து, எதிரியின் டாங்கி எது என்று தானாகவே சொல்ல வேண்டும். டாங்கி என்று தோன்றினால் அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, எவ்வளவு நிச்சயம் என்று பக்கத்தில் நூற்றுக்கு ஒரு எண்ணும் போடும். கட்டம் விழுந்தால் விமானிக்கு யோசிக்க மூன்று விநாடி, அப்புறம் பொத்தான். இதைச் சோதிக்க, ஊருக்கு வெளியே மைதானத்தில் நிஜ டாங்கிகளையும் பலகை, ரப்பரில் செய்த பொம்மை டாங்கிகளையும் நிறுத்திவைத்து மேலே விமானத்தை ஓட்டுவார்கள். எது நிஜம், எது பொம்மை என்று மைதானப் பொறுப்பாளர் எழுதி, உறையில் போட்டு ஒட்டி அனுப்புவார். அந்த உறையைப் பிரிக்கும் உரிமை பூதக்கண்ணாடிக்கு மட்டும்தான். ஒத்துப்பார்த்து அவள் கையெழுத்துப் போட்டால்தான் எந்திரம் விமானத்தில் ஏறும்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்த எந்திரத்துக்கு ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் அவள் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். அலுவலகத்தில் அவளை மேடம் என்பான், வீட்டுக்கு வந்தால் அத்தை என்பான். விஷயம் யாருக்கும் தெரியாது என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கேண்டீனில் டம்ளர் கழுவுகிறவருக்குக்கூடத் தெரியும். எந்திரம் தேறினால் அவன் பிரிவுத் தலைவன். அதன் பிறகு கல்யாணம் என்று மகள் தேதிவரை யோசித்து வைத்திருந்தாள்.

"அவர் மேல உனக்கு என்னதாம்மா கோவம்?" என்று முந்தின நாள் சாப்பிடும்போது மகள் கேட்டாள்.

"கோவம்லாம் இல்லடி. குறையே இல்லாத ஆம்பளைய நான் பார்த்ததில்ல. அதான் பயமா இருக்கு."

"அப்பாகிட்ட மட்டும் என்ன குறை?"

"உங்க அப்பாகிட்ட குறைய தவிர வேற ஒண்ணும் இல்ல. அதனால பயமே இல்ல."

அப்பா என்கிற அந்த மனிதர் தலை நிமிராமல் தண்ணீர் கேட்டார்.

வரப்போகிற மருமகனிடம் குறை இல்லைதான். போடுவதைச் சாப்பிட்டான், கேட்டதற்குப் பதில் சொன்னான், செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டான். அந்தச் செருப்புதான் அவளை உறுத்தியது. அதோடு போன வாரம் இன்னொன்றும் பார்த்திருந்தாள். படிக்கட்டுக்குக் கீழே அவனும் மைதானப் பொறுப்பாளரும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் இறங்கியதும் பேச்சு கத்தரித்தது. மடியில் கனமில்லை என்றால் வழியில் எதற்குப் பயம்? உறையைப் பிரிக்கும் முன்பே விடை வெளியே போய்விட்டது என்று தீர்மானித்துக்கொண்டாள். உறையின் பசையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். யாரும் தொட்ட தடயம் இல்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, தூரம் அளக்க வேண்டும் என்று ஒரு காரணம் சொல்லி வேன் ஏறி மைதானத்துக்குப் போய்விட்டாள்.

"என்ன தங்கச்சி, ஏசி ரூம விட்டுட்டு வெயில்ல?" என்றார் பொறுப்பாளர்.

"எல்லாரும் பாஸ் பாஸ்னு குதிக்கிறாங்களே, பரீட்சை ஹால் எப்படி இருக்குன்னு பார்க்கலாம்னுதாண்ணே." பிறகு, சுற்றி வளைக்கத் தெரியாதவளாக, "படிக்கட்டு கீழ தம்பிகிட்ட என்ன ரகசியம்?" என்றாள்.

அவர் விழித்தார். பிறகு சிரித்தார். "ஐயோ, அதுவா? வாடகைக்கு வீடு பார்த்து குடுக்க சொன்னாரு. உங்க தெருவுலயே வேணுமாம். அத்தைக்கு கடைசில சொல்லிக்கலாம்னாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அவளுக்கு முகம் சுருங்கியது. வெட்கத்தை விழுங்க ஒரு நிமிடம் ஆனது. அடுத்த நிமிடமே, மாமியார் தெருவிலேயே வீடு தேடுகிறவன் எப்படிப்பட்டவன் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் கண் சும்மா இருக்குமா? பழக்கத்தில் அது தரையைத் துழாவியது. மைதானம் முழுக்க முழங்கால் உயரம் புல். பொம்மைகள் அந்தப் புல்லில் அடி மறைய நின்றன. நிஜ டாங்கி நின்ற இடங்களில் மட்டும் சலூனுக்குப் போய் வந்த தலைபோல வட்டமாகக் கிராப்பு.

"இங்க மட்டும் ஏண்ணே வெட்டியிருக்கு?"

"பாம்பு, தங்கச்சி. ரெண்டு மாசம் முன்னாடி வண்டிலேர்ந்து எறங்குன ஆள ஒண்ணு போட்டுடுச்சு. பொழைச்சதே பெரிசு. அதுலருந்து ஆளுங்க ஏறி எறங்குற வண்டிய சுத்தி பத்தடி வெட்டி வெச்சுடுறேன்."

"பொம்மைக்கு?"

"பொம்மைய கடிச்சா பாம்புக்குதான் பல்லு போவும்."

அவள் சிரிக்கவில்லை. இரண்டு மாதமாகப் புல் வெட்டுகிறார்கள். அந்த இரண்டு மாதப் படங்களை வைத்துத்தான் எந்திரத்துக்குப் புதிதாகப் பாடம் நடத்தியிருந்தார்கள். வேன் திரும்பும் வழியில் அவள் கண் எந்த வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. ஓட்டுநர் இரண்டு தடவை உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அவளுக்கு எந்திரத்தின் உள் விவகாரம் தெரியாது. வெளியாருக்குக் காட்டும் படங்களில் மறைக்க வேண்டியதை மறைக்கக் கறுப்புப் பெட்டி போடத் தெரியும், அவ்வளவுதான். ஒரு படத்தை எடுத்து டாங்கியின் மேல் கச்சிதமாகக் கறுப்புப் பெட்டியை வைத்தாள். ஒரு போல்ட்கூடத் தெரியவில்லை. எந்திரத்திடம் கொடுத்தாள். சிவப்புக் கட்டம் விழுந்தது. டாங்கி, தொண்ணூற்றேழு.

வேறு வேலைக்காக எப்போதோ எடுத்த படங்கள் அலமாரியில் இருந்தன: டாங்கியே இல்லாத இடங்கள், வயல்கள், வீடுகள். நாற்பது படம் கொடுத்தாள். பதினொன்றில் கட்டம் விழுந்தது. பதினொன்றும் வீடுகள். புல்லை வெட்டி வாசலைச் சுத்தமாக வைத்திருந்த வீடுகள்.

மதியம் மகள் போன் செய்தாள். "அம்மா, இந்த ஒரு தடவை மட்டும் மூக்க நுழைக்காம இரு. அவர் ராத்திரி பூரா தூங்கல."

"எந்திரம் பாஸ் ஆகியும் ஏண்டி தூங்கல?"

"சந்தோஷத்துலதான். வேற எதுக்கு?"

அதன் பிறகு பெரிய அதிகாரி. நாளைக் காலை மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்கள், நான்கு மணிக்குள் காகிதம் அவர் மேசைக்கு வர வேண்டும். "ஒரு கையெழுத்துக்கு ரெண்டு நாளா மேடம்? உங்க பேரையும் கல்வெட்டுல போட்டுடலாம், சீக்கிரம் அனுப்புங்க."

மூன்றரைக்கு அவனைக் கூப்பிட்டாள். வந்தான். நாற்காலியைச் சத்தம் வராமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் ஒன்றும் விளக்கவில்லை. கறுப்புப் பெட்டி போட்ட படத்தைத் திறந்து, எந்திரத்தை ஓட்டி, தொண்ணூற்றேழைக் காட்டிவிட்டு, திரையை விட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைதானத்துக்குப் போனதை அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

அவன் அதிர்ந்தான். அதிர வேண்டிய அளவுக்கு அதிர்ந்ததுபோலத்தான் இருந்தது. பிறகு மவுஸை வாங்கிக்கொண்டான். கறுப்புப் பெட்டியை எடுத்தான். படத்தின் மூலையிலிருந்து உயரமான புல்லை ஒரு துண்டு வெட்டி, டாங்கியைச் சுற்றியிருந்த கிராப்பு வட்டத்தின் மேல் ஒட்டினான், இன்னொரு துண்டு, இன்னொன்று. விரல்கள் எங்கும் தயங்கவில்லை. டாங்கி இப்போது யானைபோலப் பட்டவர்த்தனமாக நின்றது. எந்திரத்தை ஓட்டினான். கட்டம் விழவில்லை.

"இப்போ அதுக்கு தெரியல பாருங்க," என்றான், வேலை தெரிந்தவனின் சின்னத் திருப்தியோடு.

"நான் புல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே, தம்பி."

அவன் கை மவுஸின் மேலேயே நின்றது. மேசையில் போன் அடித்தது. அதிகாரிதான். இருவரும் எடுக்கவில்லை.

"எப்போ தெரியும்?"

"தெரியும்னு சொல்ல முடியாது, அத்தை." அலுவலகத்தில் அவன் அத்தை என்றது அதுதான் முதல் தடவை. யோசித்துச் சொன்னானா, வாய் தவறியதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "போன வாரம் ஒரு சந்தேகம். அடுத்த தடவை சரி பண்ணிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வர்றாங்கன்னு தேதி சொல்லிட்டாங்க. நீங்க எப்படியும்..." நிறுத்திக்கொண்டான்.

"நான் எப்படியும்?"

"நீங்க எப்படியும் கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன்."

அந்த வாக்கியத்தை அவள் கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். உண்மையாக இருக்கலாம். 'எப்படியும் கையெழுத்து போட்டுடுவீங்க' என்று தொடங்கி நடுவழியில் திரும்பியதாகவும் இருக்கலாம். இத்தனை வருடத்தில் எத்தனையோ முகங்களைப் படித்தவள். இந்த ஒன்று மட்டும் மூடிய கதவாக இருந்தது. அதன் பின்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

போன் ஓய்ந்து, மறுபடி அடித்தது. அவள் காகிதத்தைத் தொடாமல், பதினொரு படங்களில் ஒன்றைத் திறந்து திரையை அவன் பக்கம் திருப்பினாள். சின்ன வீடு. புல்லை ஒட்ட வெட்டிய வாசல். கயிற்றில் நாலைந்து துணிகள். விமானச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். துணி எடுக்க வந்த ஒரு பெண், ஒரு கையால் நெற்றிக்கு நிழல் கட்டிக்கொண்டு, நேராக மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையும் கயிற்றையும் வாசலையும் சேர்த்து நான்கு பக்கமும் சுத்தமான சிவப்புக் கோடு. மூலையில் தொண்ணூற்றாறு.

அவன் போனைப் பார்த்தான். பிறகு, மெதுவாக, திரையைப் பார்த்தான்.