கதவுக்குப் படித்துக் காட்டியவள்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. சமீபத்தில் படித்த ஐந்து நாவல்களைப் பற்றிய என் கருத்துகள் என்று, எங்கள் கிளை நூலகத்தின் மாத மடலுக்கு நான் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கம்தான் இதன் மூலம். மடல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே தாள், நான்காக மடித்தது, இருநூறு பிரதி. அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஒரு தவறு செய்துவிட்டேன். அதற்கு நான்கு வரியில் ஒரு திருத்தம் எழுத உட்கார்ந்தேன். வெட்கத்தோடுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத வெட்கம் கரைந்து அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் தொலைபேசி"

அடித்துவிட்டேன். மழை பெய்யவில்லை. மாலையும் இல்லை, முற்பகல் பதினொரு மணி. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளினால் இப்படித்தான், எந்த மணி அடித்தாலும் மனம் ஒரு மழையைக் கேட்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "நான் பொய் சொல்லவில்லை." இதையும் எடுத்துவிட்டேன். யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொல்லாதபோது நானே ஏன் ஆரம்பித்து வைக்க வேண்டும்?

ஆகவே அந்தக் கருத்துகளிலிருந்தே தொடங்குகிறேன்.

2

நாவல்களின் பெயர்களைச் சொல்லமாட்டேன். சொன்னால் தேடிப்பிடித்துச் சரிபார்ப்பீர்கள். சரிபார்ப்பவர்கள் மேல் எனக்கு இப்போது ஒரு பயம் இருக்கிறது.

துப்பறியும் நாவல்: பனியில் சிக்கிய விடுதி, ஏழு விருந்தினர், ஒரு பிணம். கொலைகாரன் யார் என்று அறுபதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். (சாட்சிக்காகப் பெயரை ஒரு தாளில் எழுதி மடித்து அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதன் பின்பக்கம் கடைச் சாமான் பட்டியல் எழுதிக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.) என் குறை அதுவல்ல. செத்தவருக்காக அந்த ஏழு பேரில் ஒருவரும் வருத்தப்படவில்லை. யாராவது ஒருவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருந்தால் நான் அந்த எழுத்தாளருக்கு அடிமையாகியிருப்பேன்.

விண்வெளி நாவல்: நானூறு ஆண்டுப் பயணம் போகும் ஒரு கப்பல். எஞ்சின் பக்கங்களைத் தாண்டித் தாண்டிப் படித்தேன், மன்னிக்க வேண்டும். ஆனால் நடுவில் பிறந்த தலைமுறை ஒன்று வருகிறது. புறப்பட்டதையும் பார்த்ததில்லை, போய்ச் சேர்வதையும் பார்க்கப் போவதில்லை. அவர்களுடைய பள்ளியில் ஆசிரியை தினமும் வருகைப் பதிவேடு எடுக்கிறார். யாரும் எங்கேயும் ஓடிவிட முடியாத கப்பலில்! அந்த இடத்தில் கைதட்டினேன், பேருந்தில்.

குடும்ப நாவல்: எழுநூறு பக்கம், மூன்று தலைமுறை. முதல் பக்கத்திலேயே குடும்ப மரம் வரைந்து வைத்திருக்கும் நாவல்களை நான் நம்புவதில்லை. சொந்தக்காரர்களை வரிசையாக நிறுத்தி அறிமுகப்படுத்தினால் ஒரு முகமாவது மனதில் நிற்குமா?

பேய் நாவல்: பேய் நல்ல பேய். வீடுதான் சரியில்லை. மாடிப்படி ஓர் அத்தியாயத்தில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம். பயந்து ஓடுவதற்காவது வழி தெரிய வேண்டாமா?

ஐந்தாவது நாவல் என் உயிர். அணை கட்டுவதால் மூழ்கப்போகும் ஒரு சிறு நகரம். அங்கே கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பெண். தெருக்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. காலியான தெருக்களுக்கும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மடலில் நான் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"பதினான்காம் அத்தியாயத்தில் அவள் ஆளில்லாத ஒரு வீட்டின் முன்னால் நிற்கிறாள். கடிதத்தைக் கதவின் அடியில் தள்ளிவிட்டு நடக்கிறாள். பாதித் தெரு போனவள் திரும்பி வருகிறாள். குனிந்து, விரல் நுனியால் கடிதத்தை மெல்ல வெளியே இழுக்கிறாள். பிரிக்கிறாள். கதவுக்குப் படித்துக் காட்டுகிறாள். உரக்க, ஒரு வரி விடாமல், கையெழுத்து வரைக்கும். சமீபத்தில் நான் படித்தவற்றில் இதைவிடச் சிறந்த காட்சி இல்லை."

3

எங்கள் நூலகர் மடலின் ஒரு பிரதியைப் பதிப்பகங்களுக்கெல்லாம் அனுப்பிவைப்பார், இலவசப் புத்தகம் ஏதாவது வந்து சேரும் என்ற நம்பிக்கையில். இந்த முறை புத்தகத்துக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. அணை நாவல் இரண்டாம் பதிப்பு போகிறதாம். என் பத்தியைப் பின்னட்டையில் போட விரும்புகிறார்களாம், என் பெயரோடு.

அக்காவிடம் சொன்னேன். அக்கா பியூட்டி பார்லரில் முடி வெட்டுபவள்.

"பின்னட்டைன்னா பின்னாடியா? முன்னாடி போட மாட்டாங்களாடி?"

"முன்னாடி எழுதினவர் பேரு வரும்க்கா."

"அவருதான் உள்ள முழுக்க எழுதியிருக்காரே, வெளியிலயும் அவரேவா?"

மறுநாளிலிருந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் செய்தி போனது. கழுத்தருகே கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு ஒருத்தி தன் தங்கையைப் பற்றிச் சொன்னால் கேட்காமல் இருக்க முடியுமா? நானும் ஒன்றும் அடக்கமாக இருந்துவிடவில்லை. வீட்டில் இருந்த புத்தகங்களையெல்லாம் கவிழ்த்துப் போட்டு, பின்னட்டையில் பெயர்களை எந்த அளவு எழுத்தில் போடுகிறார்கள் என்று பார்த்தேன். பொடி எழுத்துதான். பரவாயில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார்கள்.

4

நான் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை செய்கிறேன். வாய் எங்களிடம் வராது, வாயின் பிளாஸ்டர் அச்சு மட்டும் ஓர் எண்ணோடு வரும். மேசை முழுக்கத் தாடைகள். என் பங்கு மெழுகு வேலை. இல்லாத பல்லின் இடப்பக்கத்துப் பல்லையும் வலப்பக்கத்துப் பல்லையும் பார்ப்பேன். நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கைக்கே தெரியும். மெழுகை உருக்கி வைத்துச் செதுக்குவேன். என் பற்கள் மாட்டியதும் தெரியாமல் போய்விடும் என்று வாடிக்கை மருத்துவர்கள் சொல்வார்கள். (பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான்.)

முற்பகல் பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"நீங்கதானே அந்த மடல்ல எழுதினது? அந்த நாவலை மொழிபெயர்த்தது நான்."

எழுந்து நின்றுவிட்டேன். கையில் மெழுகுக் கத்தி.

"மேடம்! உங்க மொழிபெயர்ப்பு எவ்வளவு..."

"அது இருக்கட்டும்மா. எந்தப் பக்கம்?"

"எது மேடம்?"

"கதவுக்குப் படிச்சுக் காட்டுறாளே. அது எந்தப் பக்கம்?"

"பதினாலாவது அத்தியாயக் கடைசி மேடம். எரநூத்திப் பத்தொம்போதுல இருக்கும்."

"இல்லை."

"இருபது?"

"இல்லம்மா. பின்னட்டைக்காகப் பதிப்பகத்துல பக்க எண் கேட்டாங்க. மூணு நாளா தேடுறேன். என் புத்தகத்துல இல்லை. சரி, நான்தான் விட்டுட்டேன் போலன்னு மூல நூலை எடுத்துப் பக்கத்துல வச்சு வரி வரியாப் பாத்துட்டு வரேன். இருபத்திரெண்டு வருஷமா இந்த வேலை பாக்குறேன். ஒரு வாக்கியம் விட்டதில்லை. அவ்வளவு நல்ல காட்சியை எப்படி விட்டேன்னு சோறு இறங்கல எனக்கு."

[இங்கே மொழிபெயர்ப்பாளரை இன்னும் கோபக்காரராக எழுதிப் பார்த்தேன். அவர் கத்துகிறார், நான் அழுகிறேன், மேசையில் இருக்கும் தாடைகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கத்தவில்லை. அவர் குரலில் இருந்தது பயம். அதை மாற்றி எழுத எனக்கு உரிமையில்லை.]

"பாத்துட்டுக் கூப்பிடுறேன் மேடம்."

5

மதிய இடைவேளையில் நூலகத்துக்கு ஓடி அந்த நாவலை எடுத்தேன். பக்கம் 219. அவள் தெருவுக்குள் வருகிறாள். ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டுகிறாள். அத்தோடு அத்தியாயம் முடிகிறது. கீழே அரைப் பக்கம் வெற்றிடம். பக்கம் 220, பதினைந்தாம் அத்தியாயம். மறுநாள் காலை, தபால் நிலையம்.

கதவின் அடியில் கடிதம் தள்ளுவது இல்லை. பாதித் தெரு போய்த் திரும்புவது இல்லை. படிப்பது இல்லவே இல்லை.

அந்தப் பக்கத்தைப் பேருந்தில் படித்தது நினைவுக்கு வந்தது. சிக்னலில் வண்டி நின்றது. புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். பூட்டிய வீடு ஒன்று, அதன் வாசலில் மூன்று நான்கு கடித உறைகள் கிடந்தன. வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. அந்த

(இந்த வாக்கியத்தை இதற்கு மேல் எழுத முடியவில்லை. நான் எதையும் "உருவாக்கவில்லை". இந்தப் பக்கம் ஒரு பல், அந்தப் பக்கம் ஒரு பல், நடுவில் வெற்றிடம். கை அதுவாக வேலை செய்துவிட்டது. பிறகு அது புத்தகத்தில் இருந்ததாகவே நினைவில் பதிந்துவிட்டது.)

220-ஐப் படித்தேன். முதல் தடவையும் இதைப் படித்திருக்கிறேன், ஆனால் காதில் அந்தக் கதவுக்குப் படிக்கும் குரல் கேட்டுக்கொண்டிருந்ததால் கண் மட்டும் ஓடியிருக்கிறது. உண்மையில் நடப்பது இதுதான்: அவள் அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பும் குவியலில் வைக்கிறாள். "பெறுபவர் இல்லை" என்று முத்திரை குத்துகிறாள். அப்போதுதான் அனுப்பியவர் பெயரைப் பார்க்கிறாள். அவளுடைய சொந்தத் தங்கை. பல வருடமாகப் பேச்சில்லை. அவள் பிரிக்கவில்லை. முத்திரையின் மை உலரட்டும் என்று ஊதுகிறாள். பையில் போடுகிறாள்.

என்ன ஓர் இடம்! இதை விட்டுவிட்டுப் பேருந்து ஜன்னலைப் பார்த்திருக்கிறேன்.

6

"மேடம், அது புத்தகத்துல இல்லை. மூல நூல்லயும் இருக்காது. நீங்க எதையும் விடல. நானேதான்... எப்படின்னு தெரியல, நானேதான்."

 மறுமுனையில் பெருமூச்சு விடும் சத்தம்.

"அப்பாடா," என்றார். அப்புறம், "உன்னை என்ன பண்ணலாம் சொல்லு!" என்றார். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. எனக்கு அது திட்டாகவே படவில்லை.

"மன்னிச்சிடுங்க மேடம்."

"மன்னிக்கிறது இருக்கட்டும். நேத்து நான் என்ன பண்ணேன் தெரியுமா? உன் பத்தியை மூல ஆசிரியரோட மொழியில எழுதிப் பாத்தேன். எங்கயோ விட்டுப்போயிருந்தா எப்படி இருந்திருக்கும்னு தெரிஞ்சா தேடச் சுலபமா இருக்குமேன்னு. அந்த அத்தியாயக் கடைசியில காலியா இருக்கிற அரைப் பக்கத்துல வச்சுப் பாத்தேன்."

"என்ன ஆச்சு மேடம்?"

"பொருந்துதுடீ. அதான் எனக்குக் கோபம்."

7

இப்போது முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவை நூலகர் தந்தார். "யாரும்மா சரிபாக்கப் போறாங்க? எரநூறு பிரதியில நூத்தி அறுபது என் மேசைக்கு அடியிலதான் கிடக்கு. பேசாம விடு. பின்னட்டையில பேரு வரட்டும்." கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் பின்னட்டையை நம்பி ஒருவர் புத்தகத்தை வாங்குவார். காட்சியைத் தேடுவார். கிடைக்காது. நாவலாசிரியரையோ என்னையோ குறை சொல்லமாட்டார், "மொழிபெயர்ப்பில் விட்டுவிட்டார்கள்" என்றுதான் சொல்வார். இருபத்திரண்டு வருடம் ஒரு வாக்கியம் விடாதவரைப் பார்த்து அப்படிச் சொல்வார்.

இரண்டாவது முடிவு என் கனவு. நாவலாசிரியருக்கு எப்படியோ விஷயம் தெரிந்து, அடுத்த பதிப்பில் அவரே அந்தக் காட்சியைச் சேர்க்கிறார், அடியில் எனக்கு நன்றி சொல்லி. இதை மூன்று பக்கம் எழுதினேன். அதில் அவர் விமானத்தில் வந்து இறங்குகிறார். (கிழித்துவிட்டேன். விமான நிலையத்தில் நான் என்ன உடை உடுத்தியிருந்தேன் என்பதற்கே ஒரு பக்கம் போயிருந்தது.)

மூன்றாவதுதான் நடந்தது. பதிப்பகத்துக்கு உண்மையை எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது, நன்றி சொல்லி. பின்னட்டையில் இப்போது வேறொருவருடைய "விறுவிறுப்பான நடை" இருக்கிறது. அந்த நாவலில் விறுவிறுப்பு எங்கே இருக்கிறது என்று அவரிடம் யாரும் பக்க எண் கேட்கவில்லை.

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பாதி ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். சோபாவில் உட்காரவைத்து முழுவதும் சொன்னேன்.

"இரு இரு. புத்தகத்துல இல்லாததை நீயா எழுதினியா?"

"ஆமாக்கா."

"அதைப் பிரமாதம்னு அவங்க அட்டையில போடப் பாத்தாங்களா?"

"ஆமா."

"அந்த மொழிபெயர்ப்புக்காரம்மா மூணு நாள் சாப்பிடாமத் தேடினாங்களா, எங்கடா அந்த நல்ல இடம்னு?"

"ஆமாக்கா."

"அப்புறம் எதுக்குடி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

மறுநாள் பார்லரில் செய்தி திருத்தப்பட்டது. "புத்தகத்துல இருக்கிறதை எல்லாரும்தான் படிக்கிறாங்க. எங்க வீட்டுப் பொண்ணு இல்லாததையும் படிப்பா."

8

திருத்தத்தை எழுதி முடித்தேன். நான்கு வரி என்று தொடங்கியது இவ்வளவு நீண்டுவிட்டது. நீங்கள் இதுவரை படித்தது அந்தத் திருத்தத்தைத்தான்.

இன்று காலை இதைக் கொண்டுபோய் நூலகரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். தன் மேசைக்கு அடியில் கிடக்கும் பிரதிகளைப் பற்றி எழுதியது பிடிக்கவில்லை என்று முகம் சொன்னது. ஆனால் நீக்கச் சொல்லவில்லை.

"சரி, இதை எங்க போடுறது? கடைசிப் பக்கத்துல கட்டம் கட்டி 'திருத்தம்'னு போடுவோமே, பேரு கிடையாது, அங்கயா? இல்ல, மூணாம் பக்கத்துல 'கதை'னு போட்டு உன் பேரைப் போடவா? நீளத்தைப் பத்திக் கவலைப்படாதே, ரெண்டு இடத்துலயும் எழுத்தைப் பொடிசாக்கிடலாம்."

 

திருத்தம் என்றால் நான் கவனமில்லாத வாசகி. ஒரு பெரிய எழுத்தாளர் கல்லில் செதுக்கிய இடத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தவள். அது உண்மைதான். கதை என்றால் அந்தக் கதவும் கதவுக்குப் படிக்கும் குரலும் என்னுடையவை, நான் எழுதிய முதல் காட்சி அது. அதுவும் உண்மைதான்.

எது மேல், முத்திரை குத்துபவளா, படித்துக் காட்டுபவளா? என்னைக் கேட்டால் படித்துக் காட்டுபவள் என்றுதான் சொல்வேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்வேன். அதனாலேயே என் பேச்சு இங்கே செல்லாது. நான் இரண்டையும் உங்கள் முன் வைத்துவிட்டேன், ஒளிக்காமல், நாவலாசிரியருடையதைக் குறைத்துச் சொல்லாமல். நீங்கள் தீர்ப்புச் சொல்வதற்காகத்தான் வைத்தேன்.

நூலகர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். தாளின் மேல் ஓரத்தில் தலைப்புக்கு மேலே ஒரு சொல் எழுதும் அளவு இடம் விட்டிருக்கிறது. பதினொன்றரைக்கு அச்சகத்துக்குப் போக வேண்டுமாம்.

"சொல்லும்மா, எது?" என்கிறார்.

நான் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.