மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எடுத்த படம்

புயல் போய் நாலு நாள் ஆகியும் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. ஜூலை மாத ஹூஸ்டன் வெயிலில் ஏசி இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நாலாம் நாள் மத்தியானம் நான் வெடித்துவிட்டேன். "இப்ப ஹோட்டல் பாக்கறீங்களா, இல்ல நான் காருக்குள்ளயே குடியிருக்கட்டுமா?" என்று போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் மணியன் ஃபோனை எடுத்தார். ஊர் முழுக்க ரூம் நிரம்பிக் கிடந்தது. மான்ட்ரோஸில் ஒன்றே ஒன்று கிடைத்தது.

மான்ட்ரோஸ் என்றால் ஹூஸ்டனில் எல்லோருக்கும் தெரியும். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் ஜோடியாக வருகிற பார்களும் கிளப்புகளும் அங்கேதான். "பரவாயில்லையா கயலு?" என்று இவர் இழுத்தார். "அவங்க பாட்டுக்கு அவங்க ஆடட்டும், எனக்கு ஏசி ஓடினாப் போதும்" என்றேன்.

ரூமுக்குள் நுழைந்து அந்தக் குளிர் காற்று மேலே பட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். என் கை சும்மா இருக்குமா? திரையை விலக்கினால் எதிரே ஒரு பார், வாசலில் வானவில் கொடிகள், வெளியே மேஜை போட்டு இளசுகள் கூட்டம், சாயங்கால வெயில். படம் எடுத்து, "ஏசி ரூம் கிடைச்சாச்சு! வியூ பாருங்க!" என்று எங்கள் கேட்டி சிநேகிதிகள் வாட்ஸாப் குழுவில் போட்டேன். எண்பத்து மூன்று பேர் இருக்கிற குழு. வீட்டில் வெந்துகொண்டிருக்கிறவர்களை வெறுப்பேற்றுவதில் ஒரு அல்ப சந்தோஷம், மறைப்பானேன்.

இவர் கட்டிலில் படுத்தபடி என் ஃபோனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, இது நம்ம பத்மராணி பையன்தானே?"

பிடுங்கிப் பார்த்தேன். அபிராமேதான். சியாட்டிலில் வேலை என்று என் சிநேகிதி பத்மராணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிற அபிராம். பக்கத்துப் பையனின் தோளில் தலையைச் சாய்த்து, அவன் விரல்களோடு விரல் கோத்து உட்கார்ந்திருந்தான். பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

அந்தப் பிள்ளை யாரிடம் சொல்லியிருக்கிறானோ, யாரிடம் மறைத்திருக்கிறானோ! அதை நான் மைக் போட்டு ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிட்டதே. "அறிவு கெட்டவளே" என்று என்னையே திட்டிக்கொண்டு, யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று தேடினேன். மூன்றே பேர். மற்றவர்கள் ஃபோனெல்லாம் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்திருக்க வேண்டும். குமுதினி கண்ணாடி போடாவிட்டால் எதிரே யானை வந்தாலும் பார்க்க மாட்டாள். அஞ்சனா "பார்க்கிங் இருக்கா?" என்று மட்டும் கேட்டிருந்தாள். மூன்றாவது பெயர் பத்மராணி.

உடனே எல்லோர் ஃபோனிலும் அழிகிற மாதிரி அழித்தேன். மறு நிமிடமே அவள் கூப்பிட்டாள்.

"நீங்க எடுங்க" என்று இவரிடம் நீட்டினேன். "போட்டது யாரு?" என்று பின்வாங்கினார் மனிதர். வேறு வழி?

"அக்கா, படத்தை ஏன் அழிச்சனீங்கள்?" யாழ்ப்பாணக்காரி, பன்னிரண்டு வருடப் பழக்கம். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"மன்னிச்சுடு பத்மா. சத்தியமா நான் கவனிக்கல. யாரும் பாக்கல, நானும் யார்கிட்டயும்..."

"நான் சேவ் பண்ணுறதுக்குள்ள போயிட்டுது அக்கா" என்று விம்மினாள். "அவன் சியாட்டில்ல இல்லை. எங்க இருக்கிறானெண்டே எனக்குத் தெரியாது. தனக்கு ஆம்பிளைப் பிள்ளையளைத்தான் பிடிக்கும் எண்டு சொன்னவன். அண்டைக்கே இவர் வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டார். நானும் வாயைத் திறக்கேல்லை. நம்பரை மாத்திப்போட்டான். பதினாலு மாசம் அக்கா. இந்தப் புயலுக்குப் பிறகு அவன் உயிரோட இருக்கிறானோ எண்டுகூடத் தெரியாமல் நாலு நாளா நான்..."

"இருக்கான்!" என்று கத்தியே விட்டேன். "நல்லா இருக்கான் பத்மா! இதோ எதிர்ல உக்காந்திருக்கான்."

"இப்பவுமோ? என்ன செய்யிறான்?"

"ஃப்ரைஸ் திங்கறான்."

"மெலிஞ்சு போனானோ?"

"ஒரு சுத்து பெருத்திருக்கான்."

அழுகைக்கு நடுவே சிரித்தாள். "பக்கத்தில இருக்கிற பிள்ளை ஆர்?"

"தெரியல. ஆனா தன் தட்டுல இருந்து எடுத்து இவனுக்குத்தான் வைக்கறான்."

"அக்கா, நான் வரலாமோ எண்டு அவனைக் கேட்பீங்களோ? அவன் வேண்டாமெண்டா வரமாட்டன்" என்றாள். கரண்ட் இல்லாத கராஜ் கதவைக் கையால் தூக்கும் சத்தம் கேட்டது.

லைனை வெட்டாமலே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். லிஃப்ட் மூன்று மாடி இறங்க ஒரு யுகம் ஆனது. ரோட்டைக் கடந்து நான் போய் நின்றதும் அபிராமின் முகம் வெளுத்துவிட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"கையை எதுக்குடா எடுக்கற? நான் என்ன போலீஸா?" என்று அதட்டினேன். எனக்குக் கனிவாகப் பேச வராது. படம் போட்டது, அழித்தது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "தப்பு என் மேல. உங்கம்மா லைன்ல இருக்கா. வரலாமான்னு கேக்கறா. நீ வேணாம்னா வர மாட்டா."

"அப்பாவும் வருகிறாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"இல்ல. அவ மட்டும்தான்."

அவன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் பையன், க்ரிஷ் என்று பெயராம், அவன் முதுகில் கை வைத்தான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. சொல்லிவிட்டால் அவளிடம் நான் எந்த முகத்தோடு சொல்வேன்?

ஸ்பீக்கரில் பத்மராணியின் குரல் வந்தது. பின்னால் ஒரே லாரி இரைச்சல்.

"தம்பி, குறை நினையாத, நான் வெளிக்கிட்டிட்டன். ஃப்ரீவேல வாறன். நீ வேண்டாமெண்டு சொல்லு, அடுத்த எக்ஸிட்டில திரும்பிடுறன்."

அபிராம் விருட்டென்று நிமிர்ந்தான். கோயிலுக்குக்கூட உள் ரோட்டிலேயே ஒரு மணி நேரம் சுற்றிப் போகிறவள் பத்மராணி. அதிவேக ஃப்ரீவேக்குப் பயந்து இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கையிலிருந்த ஃபோனை இரண்டு கையாலும் வாங்கி வாயருகே வைத்துக்கொண்டான். அந்தப் பிள்ளை தமிழ் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அம்மா, திரும்பாதேங்கோ. வலது லேன்லயே மெதுவா வாங்கோ. ஃபோனை வையுங்கோ, ரோட்டைப் பாருங்கோ. நான் இஞ்சதான் இருக்கிறன்."