கூடின ஏழு வயது

லண்டனில் ஹெரன்ஸ் கூடைப்பந்து அணியில் பெனடிக்ற்றை எல்லாரும் 'அங்கிள்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆட்ட நாட்களில் வாசலில் விற்கிற மெல்லிய புத்தகத்தில் அவனுடைய படத்துக்குக் கீழே பிறந்த வருஷம் 1959 என்று போட்டிருந்தது. படத்தில் இருந்ததோ நேற்றுத்தான் மீசை அரும்பின மாதிரி ஒரு முகம். அச்சில் வந்த பிறகு முகத்தை யார் பார்க்கிறார்கள்? ஆசியாக்காரருக்கு வயது போனாலும் தெரியாது, கொடுத்துவைத்த பிறவிகள் என்று சொல்லிவிட்டு வெள்ளைக்காரர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள்.

உண்மையில் அவன் பிறந்தது 1966 மாசி மாதம். யாழ்ப்பாணத்தில் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, பதினான்கு வயதில் அவனைக் கையில் ஏந்தி நின்ற அக்கா டொலறஸுக்கு அது நன்றாகத் தெரியும். டூட்டிங்கில் அவளுடைய வீட்டுச் சின்ன அறையில்தான் இப்போது அவன் இருந்தான். அவளையும் அவள் புருஷன் யேசுரட்ணத்தையும் தவிர லண்டனில் ஒருவருக்கும் இந்த விஷயம் தெரியாது.

வினை பாங்கொக்கில் தொடங்கியது. 1987இல், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ற் அவனுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் 1959இல் பிறந்த யாரோ ஒருவருடையது. ஒரு அறைக்குள் பதினொரு நாள் அடைத்துவைத்து, அந்தப் பிறந்த திகதியை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி பாடமாக்க வைத்தான் ஏஜென்ற். விமானத்தில் பாஸ்போர்ட்டைக் கிழித்துக் கழிவறையில் போட்டாயிற்று. ஹீத்ரோவில் இறங்கி, அகதி என்று சொல்லி, சொந்தப் பெயர், சொந்த ஊர், ஆமி பிடித்து அடித்த கதை எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொன்னான். பிறந்த திகதியைக் கேட்டபோது மட்டும் பதினொரு நாள் பாடம் வாயில் வந்துவிட்டது. அந்த நிமிஷமே, சொறி, பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றிருந்தால் அலுவல் முடிந்திருக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றதும் பொய் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டான் மடையன். அதிகாரி எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவனுக்கு ஏழு வயது கூடிவிட்டது.

ஊரில் அவன் ஆடின ஆட்டம் வேறு. கல்லூரி அணியில், பந்தைத் தட்டிக்கொண்டு நேரே கூடையடிக்கு ஓடி, மூன்று பேருக்கு மேலால் எழும்பிப் போடுகிறவன் அவன். 1988இல் ஹெரன்ஸ் தேர்வுக்குப் போனபோதும் அப்படித்தான் ஆட நினைத்திருந்தான். அப்போதைய கோச் படிவத்தைப் பார்த்தார். இருபத்தொன்பது வயது. இந்த வயதில் துள்ளாதே, காலைப் பத்திரப்படுத்து, பந்தை வாங்கி இளையவர்களிடம் கொடு, அதுதான் உன் வேலை என்று சொல்லி அணியில் சேர்த்துக்கொண்டார். பெனடிக்ற் தலையாட்டினான். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதே என்று அதற்கு மேலும் ஒரு படி போனான். நோவில்லாத முழங்காலுக்கு ஐஸ் வைத்தான். பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடித்து ஒரு முனகல், பயிற்சி முடிந்ததும் இடுப்பில் கைவைத்து ஒரு பெருமூச்சு. முதல் வருஷம் அவனுக்கு இதெல்லாம் உள்ளுக்குள் சிரிப்பாகத்தான் இருந்தது.

1990இல் அணி கை மாறியது. புதிய முதலாளி அமெரிக்காவிலிருந்து மெரிட் என்றொரு கோச்சைக் கொண்டுவந்தார். மெரிட் வந்த முதல் நாளே, இந்த அணியை அத்திவாரத்திலிருந்து திரும்பக் கட்டப்போகிறேன், மூன்று வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். இதை வீட்டில் சொன்னபோது யேசுரட்ணம் அத்தான், அப்படியே மண்டபத்தின் ஒழுகிற கூரையையும் பார்க்கச் சொல்லு என்றார். கூரை கடைசிவரைக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

திரும்பக் கட்டுவதென்றால் முதலில் இடிக்கவேண்டும். ஒவ்வொரு வருஷமும் வைகாசியில், உடை மாற்றும் அறைக்கு வெளியே இருந்த பலகையில் ஒரு பட்டியலைக் குத்திவிடுவார்கள். பெயர் இல்லாதவன் பையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். முதல் வருஷம் ஆறு பேர் போனார்கள், அடுத்த வருஷம் ஐந்து பேர். அவர்களுடைய இடத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கிறிஸ்மஸைக் காணவில்லை. ஒருவனின் பெயரைப் பெனடிக்ற் பாடமாக்குவதற்குள் அவனுடைய லொக்கரில் வேறு பெயர் ஒட்டியிருக்கும். இருபத்தாறு ஆட்டத்தில் இருபத்திரண்டு தோல்வி. முந்நூறு பேர் வந்த மண்டபத்தில் எண்பது பேர் கோட்டைக் கழற்றாமல் குந்தியிருந்து பார்த்துவிட்டு, எழும்பிப் போனார்கள். இத்தனை பேரைக் கலைத்த மெரிட் பெனடிக்ற்றை வைத்திருந்ததற்கு ஒரே காரணம், பதறுகிற இளசுகளுக்கு நடுவில் பதறாமல் பந்தை வாங்கிக் கொடுக்க ஒரு கிழவன் தேவைப்பட்டதுதான்.

அவனுக்கும் அந்த இடம் உயிர். பெற்றோல் ஸ்ரேஷனில் ஷிப்ட் அடிக்கும்போது அவன் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற யாரோ ஒருவன். குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் விசா அலுவலாக வரிசையில் நின்றால் ஒரு நம்பர். பந்து கையில் வந்தால் மட்டும் தன்னைத் தனக்கு அடையாளம் தெரிந்தது. அதுவும் போய்விட்டால் இந்த ஊரில் தனக்கென்று ஒன்றுமே மிஞ்சாது என்று அவன் பயந்தான், அந்தப் பயம் நியாயமானதுதான்.

1992 கிறிஸ்மஸுக்கு முதல் வாரம் மெரிட் எல்லாரையும் இருத்திவைத்து ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். வருகிற வைகாசிப் பட்டியலில் முப்பது வயதைத் தாண்டிய ஒருவரும் இருக்கமாட்டார்கள். அணியில் அப்படி இருந்தது ஒரே ஒருவன். எல்லாரும் அங்கிளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வாரமே அவன் ஊரில் பங்குச் சுவாமிக்குக் கடிதம் எழுதினான். சண்டையில் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டியிருந்த காலம். ஞானஸ்நானப் பதிவின் பிரதி கையிலிருந்து கைக்கு மாறி, கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கைப்பையில் சித்திரை மாதம்தான் டூட்டிங் வந்து சேர்ந்தது. சுவாமியின் கையெழுத்து, பங்கின் முத்திரை, 1966 என்று தெளிவாக மையில் எழுதிய வருஷம். டொலறஸ் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தான்தான் முகத்தைச் சுழித்தார்.

"இன்னும் ஒரு வருஷம்தான் தம்பி. ஏழு வருஷம் முடிஞ்சா நிரந்தர விசா கையில. இப்ப போய் திகதியை மாத்தினா முழுக் கதையையும் கிண்டுவாங்கள். ஒரு பந்துக்காண்டி எல்லாத்தையும் குழப்பப் போறியோ?"

"நான் குரோய்டனுக்குப் போகேல்லை அத்தான். கோச்சிட்ட மட்டும்தான் சொல்லப்போறன்."

"அவன் அங்க ஒரு போன் அடிச்சானெண்டா?"

பெனடிக்ற் அடுத்த நாள் பின்னேரம் பிரதியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மெரிட்டின் அறைக் கதவைத் தட்டினான்.

பாங்கொக்கையும் பதினொரு நாளையும் சொன்னான். சும்மா வைத்த ஐஸையும் சும்மா முனகின முனகலையும்கூட ஒளிக்காமல் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது. மெரிட் பிரதியை இரண்டு தரம் வாசித்தார். போனைத் தொடவில்லை. இந்தத் தாளை நீ எனக்குக் காட்டவில்லை, நான் பார்க்கவுமில்லை என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, வியாழக்கிழமை காலையில் வா, பந்தை வைத்துப் பார்ப்போம் என்றார். மனிதர் நல்ல மனிதர். அதை மறுக்க முடியாது.

வியாழக்கிழமை மண்டபத்தில் மூன்று பேர்தான். மெரிட், பெனடிக்ற், புதிதாக வந்திருந்த இருபத்துமூன்று வயது டெரிக். ஒருவனுக்கு ஒருவன், முதலில் பதினொரு கூடை போடுகிறவனுக்கு வெற்றி. இன்றைக்கு அங்கிளை மறந்துவிட்டு ஆடு, யாழ்ப்பாணத்தில் ஆடின மாதிரி ஆடு என்று மெரிட் சொல்லிவிட்டு ஓரத்தில் கிடந்த வாங்கில் போய் இருந்தார்.

முதல் பந்தே பெனடிக்ற்றுக்கு. தட்டிக்கொண்டு புறப்பட்டான். கால் லேசாக இருந்தது. டெரிக்கை ஒரு பக்கம் சரியவைத்து மறுபக்கம் வெட்டினான். கூடைக்கு நேரே வழி திறந்து கிடந்தது, இன்னும் இரண்டு அடி வைத்து எழும்பினால் போதும். அவன் எழும்பவில்லை. நின்றான். பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று இடது மூலையைப் பார்த்தான். மூலையில் ஒருவரும் இல்லை. டெரிக் பின்னால் வந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு போய்ப் போட்டான்.

அடுத்த தரம் நிற்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனான். நின்றான். ஐந்து வருஷமாக ஒவ்வொரு நாளும் நிற்கப் பழக்கின கால் அது. மனம் எழும்பு எழும்பு என்றது, கை பந்தைக் கொடுக்க ஆள் தேடியது. நாலாம் தரம் வலிந்து எழும்பினான். எந்த நேரத்தில் எழும்பவேண்டும் என்பது மறந்துபோயிருந்தது. பந்து வளையத்தில்கூடப் படவில்லை. மடையன், மடையன் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு ஓடினான், ஓட்டத்தில் மட்டும் டெரிக்குக்கு ஒரு அடிகூடப் பிந்தவில்லை. பதினொன்றுக்கு இரண்டு என்று முடிந்தது.

டெரிக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரைக்க இரைக்க நின்றான். பெனடிக்ற்றுக்கு மூச்சு வாங்கவே இல்லை. மெரிட் கிட்ட வந்து அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினார்.

"உன்னை நம்புகிறேன். முப்பத்துநாலு வயதுக்காரன் இவ்வளவு ஓடிவிட்டு இப்படி நிற்கமாட்டான்" என்றார்.

பெனடிக்ற்றுக்கு அப்பாடா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"ஆனால் நான் இப்போது பார்த்தது முப்பத்துநாலு வயதுக்காரனின் ஆட்டம். அந்தத் தாள் என்ன சொன்னாலும் உன் கைக்குத் தெரிந்தது அதுதான். மூன்று வருஷத்துக்கு முதல் வந்து சொல்லியிருந்தால் பந்தை உன் கையில் தந்திருப்பேன். இந்த அணியையே உன்னைச் சுற்றிக் கட்டியிருப்பேன்."

திரும்பப் பழகுகிறேன், ஒரு வருஷம் தாருங்கள் என்று பெனடிக்ற் கேட்டான். அவன் யாரிடமும் அப்படிக் கெஞ்சினதில்லை. ஒரு வருஷம் என்னிடமே இல்லை, இந்தத் தடவையும் தோற்றால் அடுத்து என்னைத்தான் கழற்றுவார்கள் என்றார் மெரிட். சொல்லும்போது அவர் கண்ணை எடுத்து வேறெங்கோ பார்த்தார்.

டூட்டிங்கில் டொலறஸ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். அவனுடைய முகத்தைக் கண்டதும் முந்திக்கொண்டு கேட்டாள்.

"என்னடா, நம்பேல்லையோ? கள்ளக் கடுதாசி எண்டு சொல்லிப்போட்டானோ?"

"இல்லை அக்கா. நம்பிட்டார். நாடி பிடிச்சுப் பாத்து, இருபத்தேழுதான் எண்டு நம்பிட்டார்."

"அப்ப பட்டியலில பேர் வருந்தானே?"

பெனடிக்ற் இல்லை என்று தலையை ஆட்டினான். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே படியில் இருந்துவிட்டான்.

"நான்தான் அக்கா, உள்ளபடி கிழவனாப் போனன்" என்றான்.

அவளுக்கு அது விளங்கவில்லை. இருபத்தேழு வயதில் இவன் என்ன கதை கதைக்கிறான் என்று ஏசத்தான் வாயைத் திறந்தாள். அவன் அழுவதைக் கண்டு அதை விட்டு, பக்கத்தில் இருந்தாள்.