மண்டலத்துக்கு ஒரு பெண்

பகல் ஒரு மணிக்குப் பத்திரிகையின் மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எடுத்தவள் நூகரத்னம்.

"சூரிபாபு இருக்காராம்மா?" என்றார் பணீந்திரா. கடியம் மண்டலத்துக் கிராமங்களின் செய்தியெல்லாம் இவர் மேசைக்குத்தான் போகும். ஆறு வருஷமாக இந்த வீட்டுக்கு போன் பண்ணுகிறார். ஆறு வருஷமாக இதே கேள்விதான்.

"குளிக்கிறாரு. சொல்லுங்க, சொல்லிடறேன்."

"டில்லியில புள்ளிவிவரம் வந்திருக்கு. கிராமத்துல வேலை செய்யற பொம்பளைங்க எண்ணிக்கை எகிறிடுச்சாம். மண்டலத்துக்கு ஒரு பொம்பளை வேணும், புதுசா வேலைக்கு வந்தவளா, பேரோட, போட்டோவோட. அஞ்சு மணிக்குள்ள. நல்லா இருந்தா மெயின் பேப்பர்ல போடுவோம்னு அவர்கிட்ட சொல்லு."

மெயின் பேப்பர்! மாவட்ட இணைப்பில் எழுதுகிறவர் பெயர் வராது, ஊர் பெயர் மட்டும்தான். மெயினில் தலைப்புக்குக் கீழே பெயர் போடுவார்கள். நிருபர் அட்டை அவள் புருஷன் சூரிபாபு கழுத்தில்தான் தொங்குகிறது. கூட்டத்துக்கும் திறப்பு விழாவுக்கும் போய் டீ குடித்துவிட்டு வருவது அவன். நாலு பேருக்கு போன் போட்டு விசாரிப்பது, எழுதுவது, டைப் அடித்து அனுப்புவது, போட்டோ எடுப்பதுகூட ரத்னம்தான். அவனுக்கு டைப் வராது என்று முதல் வருஷம் உதவப் போனாள். அது அப்படியே அவள் தலையில் விடிந்தது.

சூரிபாபு தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். "மெயின்ல வந்தா இந்தத் தடவை என் பேரைப் போடச் சொல்லணும்" என்றாள்.

"முதல்ல வரட்டும். வீர்ராஜுவோட செடி நர்சரிக்குக் கிளம்பு. அங்க முப்பது பொம்பளைங்க வேலை செய்யறாங்க. சங்கராந்திக்கு அரைப்பக்க விளம்பரம் குடுத்த மனுஷன், அவர் பேரும் வந்த மாதிரி இருக்கும்."

நர்சரியில் போலம்மா என்பவள் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். சூரிபாபு அவள் கையில் ஒரு ரோஜாச் செடியைக் கொடுத்துச் சிரிக்கச் சொன்னான். "எப்ப வேலைக்கு வந்தே?"

"பெரியவ என் வயித்துல இருக்கறப்ப. இப்ப அவளுக்கே ரெண்டு புள்ளைங்க."

"புதுசா யாரும் வரலையா?"

"புதுசா மண் கலக்குற மெஷின் வந்திருக்கு. வந்ததும் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பிடுச்சு. வேணும்னா அது கையில செடியைக் குடுத்து போட்டோ புடிங்க!"

சுற்றியிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பேசாம இவ போன மாசம் சேர்ந்தான்னு எழுதிடு" என்றான் சூரிபாபு, ஸ்கூட்டரை எடுக்கும்போது. "யார் பாக்கப் போறா?"

"போலம்மா பார்ப்பா. என் பேர் வரப்போற செய்தியில பொய் எழுத மாட்டேன்."

வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனை. நர்சரியில் ஆள் குறைந்திருக்கிறது என்றால் டில்லியில் எப்படிக் கூடியது? மழைக்காலத்தில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெருவில் சர்க்கார் கணக்கெடுக்க வந்த தேவதானம் நினைவுக்கு வந்தார். நல்லவேளை, நம்பர் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அடுத்த வீட்டுக் கணக்கை நான் சொல்லக்கூடாதும்மா" என்றார் அவர். "உங்க வீட்டுது உங்களுக்கே தெரியுமே? வீட்ல சும்மா இருக்கான்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. முன்னெல்லாம் அதை அப்படியே எழுதிடுவோம், இந்தத் தடவை நேத்து பூரா என்ன செஞ்சீங்கன்னு உங்களையே கேட்டேன். நீங்க சொன்னீங்க. குடும்பத் தொழில்ல சம்பளமில்லாத உதவியாளர்னு பதிஞ்சேன். கடையில உக்கார்றவங்க, மாடு பாக்கறவங்க எல்லாருக்கும் அதே கட்டம்தான். சம்பளம் இல்லேன்னாலும் எங்க கணக்குல அது வேலை."

ரத்னம் போனை வைத்தாள். டில்லிக்குத் தெரிந்திருக்கிறது, பக்கத்தில் படுத்திருப்பவனுக்குத் தெரியவில்லை!

"ஆள் கிடைச்சாச்சு" என்றாள் சூரிபாபுவிடம்.

"யாரு?"

"நான்தான். வேலைக்குப் புதுசா வரல. கணக்குல புதுசா வந்திருக்கேன். என்னை மாதிரி தெருவுக்குப் பத்து பேரு."

சூரிபாபு போய் வாசல் கதவைச் சாத்தினான். "ஊரே சிரிக்கும்டி! எழுதறது நான் இல்லைன்னு தெரிஞ்சா அட்டையைப் புடுங்கிடுவாங்க. அதோட, செய்திக்குள்ள இருக்கிற ஆளே அந்தச் செய்திக்குப் பேர் போட்டுக்க முடியாது. நீதானே எனக்குச் சொன்னே?"

அது உண்மைதான். ஆறு வருஷமாக ஏங்கிய இடம்; உண்மையை எழுதினால் அது கிடைக்காது. ரத்னம் டைப் அடிக்க உட்கார்ந்தாள்.

"மேல உங்க பேரே இருக்கட்டும். ஆனா நான் உள்ள வருவேன்."

சூரிபாபு தலையைச் சொறிந்தான். சட்டென்று முகம் தெளிந்தது. "சரி, கடைக்காரிங்க, மாட்டுக்காரிங்க எல்லாம் எழுது. வீர்ராஜு சொன்னதா ரெண்டு வார்த்தை போடு. உன் விஷயத்தைக் கடைசி வரியா வெச்சுக்க."

இவ்வளவு சுலபமாக அவன் ஒத்துக்கொண்டது ஏன் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? இடம் போதாவிட்டால் பக்கம் போடுகிறவர்கள் அடியில்தான் வெட்டுவார்கள். அவளுடைய எத்தனையோ கடைசி வரிகள் அப்படிப் போயிருக்கின்றன. "ம்" என்று மட்டும் சொன்னாள்.

நாலு ஐம்பதுக்கு அனுப்பினாள். அவள் போட்டோவை அவன்தான் எடுக்க வேண்டியிருந்தது. மூன்றில் அவன் விரல் விழுந்தது, நாலாவது தேறியது.

மறுநாள் காலை சூரிபாபு வாசலில் நின்றபடியே பேப்பரைப் பிரித்தான். மெயினில் வந்திருந்தது, அவன் பெயரோடு. கடைசிப் பத்தியை வெட்டியிருந்தார்கள். அதில் இருந்த வீர்ராஜுவும் போயிருந்தார். முதல் வரி இப்படி இருந்தது: 'கடியம் மண்டலச் செய்திகளை ஆறு ஆண்டுகளாக எழுதி வருபவர் நூகரத்னம், இந்தச் செய்தியை எழுதியதும் அவரே, சம்பளம் கிடையாது.'

"கடைசியில வெக்கச் சொன்னேனே!"

"கடைசியில வெச்சா வெட்டிடுவாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

போன் அடித்தது. அட்டை போயிற்று என்று அவன்தான் பாய்ந்து எடுத்தான். "சார், அது வந்து சார்..."

"உங்க கதையை அப்புறம் கேக்கறேன்" என்றார் பணீந்திரா. "ரத்னம் காரு இருக்காங்களா?" மரியாதைக்குப் போடும் அந்தக் 'காரு' அவர் வாயிலிருந்து அவளுக்கு முதல் தடவையாக வந்தது.

சூரிபாபு போனை நீட்டினான். ரத்னம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாங்கிக்கொண்டாள்.