முப்பது டிகிரியில் மயங்கிய ஈக்கள்

மர்பி டவுன் சந்திரம்மாவுக்கு ஈக்களுக்குச் சமைத்துப் போடுகிற வேலை. சிரிக்காதீர்கள், பெங்களூரில் 2002-இல் ஓர் ஆராய்ச்சிக்கூடம் அவளுக்கு அதற்குத்தான் தினக்கூலி கொடுத்தது. மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட் போட்டுக் கஞ்சி காய்ச்சி, பூசணம் பிடிக்காமலிருக்க அளவாக ஆசிட் விட்டுக் குப்பிகளில் ஊற்ற வேண்டும். வரும் திங்கட்கிழமை கூடத்தின் தலைவர் சுந்தரேசன் சார் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை பார்த்தா அந்தச் சோதனை வரவேண்டும்! ஆராய்ச்சி மாணவி ஸ்வர்ணா சாப்பிடப் போயிருந்தாள். சந்திரம்மா முப்பது டிகிரிச் சூட்டுப் பெட்டியைத் திறந்தால், பன்னிரண்டு குப்பிகளிலும் ஈக்கள் மல்லாந்து கிடந்தன.

"அடக் கடவுளே, ஆசிட்ட ஜாஸ்தி ஊத்திட்டனா?"

வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டாள். கைக்கு அகப்பட்ட ஆறு குப்பிகளை அள்ளிக்கொண்டு குளிர்ச்சி பட்டால் பிழைக்குமோ என்று பக்கத்துப் பதினெட்டு டிகிரிக் குளிர் அறைக்கு ஓடினாள். ஐந்து நிமிடம்தான்; ஈக்கள் ஒவ்வொன்றாக எழுந்து, காலைத் தேய்த்துக்கொண்டு, பறக்க ஆரம்பித்தன. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மிச்ச ஆறையும் எடுக்கத் திரும்பினால், வாசலில் ஸ்வர்ணா.

"என்ன பண்ணிட்டீங்க சந்திரம்மா! அதுங்க சாகல. சூட்டுல மயங்குற ஜாதி. சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடக்கணும்!"

தலையில் கைவைத்து உட்கார்ந்த ஸ்வர்ணா, கோபம் ஆறியதும் தானே விளக்கினாள். "'பெருகு'ன்னு ஒரு உத்தரவு செல்லோட தோல்ல வந்து நிக்கும். தோல் சின்னப் பையா மடிஞ்சு அதை உள்ள இழுத்து அடக்கிடும். இந்த ஈக்கு சூட்டுல அந்தப் பை மூடாது. உத்தரவு ஓயாம, ஸ்டெம் செல் பெருகிட்டே போகுதுன்னு நான் சொல்றேன். இல்ல, சூட்டுல செல்லே கெட்டுப்போயிருக்கும்னு சார் சொல்றார்."

"கெட்டுப்போனது எப்படி மேடம் எந்திரிச்சுப் பறக்கும்? ஆறவச்சா அந்த உத்தரவும் அடங்கிடுமோ என்னவோ."

ஒரு வருஷமாகத் தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று ஸ்வர்ணா தன்னையே திட்டிக்கொண்டாள். ஆறு குப்பியைக் குளிரிலும் ஆறைப் பெட்டியிலும் அப்படியே விட்டுவைத்தாள். அன்று சாயங்காலம் பன்னிரண்டு குப்பி ஈக்களையும் அறுத்துச் சாயம் ஏற்றினாள்.

மறுநாள் மைக்ராஸ்கோப்பிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. பெட்டியிலேயே கிடந்த ஈக்களில் பிரிகிற செல்கள் நெருக்கியடித்தன. குளிர் அறைக்குப் போனவற்றில் எல்லாம் பழையபடி அடங்கியிருந்தது.

"சந்திரம்மா, நேத்து கரெக்டா எத்தன மணிக்கு எடுத்தீங்க? அது தெரியலன்னா எல்லாம் வேஸ்ட்!"

சந்திரம்மா சமையலறைச் சுவரைக் காட்டினாள். ஒவ்வொரு கஞ்சியும் இறக்கிய நேரத்தைச் சாக்கட்டியால் அங்கே எழுதுவது அவள் வழக்கம். "பன்னண்டு நாப்பதுக்கு இறக்கிட்டு, அப்படியே வந்துதான் பெட்டியத் திறந்தேன்."

திங்கட்கிழமை, ஸ்வர்ணா சொல்லி எல்லாம் தெரிந்திருந்த சுந்தரேசன் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஈ செத்துக் கிடந்தா என்னம்மா செய்வே?"

"செத்துதான் கிடக்குதுன்னு நாமளே முடிவு கட்டக் கூடாது சார். கொஞ்சம் ஆறவச்சுப் பாக்கணும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே போட்டதில் கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது. சந்திரம்மா அந்தக் காகிதத்தை வாங்கி, மை காயட்டும் என்று, குளிர் அறைக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள்.