மைக்கு வீட்டில் காலரா

ஊரில் அவரை மைக்கு என்றுதான் சொல்வார்கள். ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு மெத்தைத் தள்ளுபடி, தேர்தல், சாவு என்று எதையும் ஒரே குரலில் சொல்லிப் போவார். அந்த வாரம் சுகாதார அலுவலகம் காலராவைப் பற்றிச் சொல்லச் சொல்லியிருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், பேதி கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். குழாயடியில் நின்ற பெண்கள், மெத்தை எல்லாம் தீர்ந்துபோச்சா என்று சிரித்தார்கள்.

மைக்குவுக்கு மனசு வண்டியில் இல்லை. அக்கா வீட்டுக்காரர், அத்தானின் ஜூஸ் கடை அடைத்துக் கிடந்தது. காய்ச்சலோடு வந்துகூட எலுமிச்சை பிழிகிற மனுஷன் அவர். போன் போட்டால் அக்கா எடுக்கவில்லை. பாதி அறிவிப்பில் வண்டியைத் திருப்பினார்.

அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள். அவர் தூங்குகிறார், அப்புறம் வா என்றாள். அவள் பின்னால் கொடி நிறைய ஈரத் துணி. மைக்கு அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்.

அத்தானுக்குக் கண் குழிக்குள் போயிருந்தது. கை சில்லிட்டு, விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. விடியற்காலையிலிருந்து அரிசி களைந்த தண்ணீர் மாதிரி போகிறது என்று அக்கா முனகினாள். குடிக்க என்ன கொடுத்தாய் என்று கேட்டார்.

"ஒண்ணும் கொடுக்கல. உள்ள போறதெல்லாம் வெளிய வருதே. தண்ணிய நிறுத்தினா நின்னுடும்னு பாத்தேன்."

நான் தெருத்தெருவாகக் கத்தியது காதில் விழவில்லையா என்றார். விழுந்தது, நீ எப்பவும் கத்துகிறதுதானே என்று இருந்துவிட்டேன் என்றாள்.

கோபப்படக்கூட நேரமில்லை. கரைசல் கலக்கப் போனவருக்கு அளவு மறந்துவிட்டது. எத்தனை தரம் சொன்ன வரி! கண்ணை மூடிக்கொண்டு, "பொதுமக்களின் கவனத்திற்கு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். தம்பிக்கு என்னவோ ஆகிவிட்டதென்று அக்கா பயந்துபோனாள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வந்துவிட்டது.

முதல் வாய் அப்படியே வாந்தியாக வந்தது. அக்கா போதும் என்று அவர் கையைப் பிடித்தாள். கொஞ்சம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி கொடுத்தார். தங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றதும் அக்கா வாசலை மறித்துக்கொண்டாள். காலரா என்று வெளியே தெரிந்தால் அந்தக் கடைப் பக்கம் எவன் வருவான்?

"கடைய அப்புறம் தொறந்துக்கலாங்க்கா. தொறக்க ஆள் வேணும்ல?"

அவள் வாசலை விட்டு நகர்ந்தாள். வந்து அத்தானின் இன்னொரு தோளைப் பிடித்தாள். வழியெல்லாம் ஆட்டோவில் அவளே ஸ்பூனால் ஊட்டிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் உடனே சலைன் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். நர்ஸ் எங்கே தண்ணீர் பிடிப்பீர்கள் என்று விசாரித்தாள். தெருமுனைக் குழாய்தான், ஜூஸுக்கும் அதுதான் என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். மைக்குவுக்கு பெஞ்சில் உட்கார முடியவில்லை. நேற்று அங்கே எத்தனை பேர் குடித்தார்களோ.

சாயங்காலம் அத்தான் கண் திறந்தார். குரல் முனகலாகத்தான் வந்தது.

"அந்தக் குழாயச் சொல்லுப்பா. என் கடையையும் சேத்துச் சொல்லு."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மைக்கு வண்டியோடு தெருவுக்குத் திரும்பினார், அலுவலகம் எழுதிக்கொடுத்த அறிவிப்புக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மைக்கை எடுத்தார். என் அக்கா வீட்டுக்காரருக்கு காலரா, அவர் கடையில் ஜூஸ் குடித்தவர்களுக்கு வயிறு சரியில்லை என்றால் மறைக்காதீர்கள், முனைக் குழாயில் யாரும் பிடிக்காதீர்கள் என்றார். ஒருவன் வண்டியை மறித்து, குடும்பத்தையே இழுத்துத் திட்டினான். கேட்டுக்கொண்டார். அடுத்த சந்தில் ஒரு தகப்பன், துவண்டுபோன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். மைக்கை அணைத்துவிட்டு அவர்களை ஏற்றிக்கொண்டு பறந்தார். அந்தப் பிள்ளை பிழைத்தது.

அத்தானும் பாதி ஆளாக வீடு வந்து சேர்ந்தார். குழாயை அடைத்துவிட்டு லாரியில் தண்ணீர் கொடுக்கிறார்கள். கடை திறந்தாயிற்று, தண்ணீர் வாசலிலேயே கொதிக்கிறது, கூட்டம்தான் இல்லை. மத்தியானத்தில் அக்கா கடையை அவரிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொள்கிறாள். பெண்கள் இறங்கிவந்து சந்தேகம் கேட்டால் அவள்தான் பதில் சொல்கிறாள்.

"தண்ணிய மட்டும் நிறுத்திடாதீங்க. நான் நிறுத்தினேன்."